கொப்பு வாய்க்காலும் காலண்டர் தாளும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பொழுதோட, அக்கா மகள் ஊருக்கு வந்தாள். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் வாரம் முழுக்கத் திருப்பூரில் இருந்துவிட்டு சனிக்கிழமைதான் கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வருவேன் என்பது அவளுக்குத் தெரியும். வந்ததும் வராததுமாக இரண்டு நோட்டுகளைத் திண்ணையில் போட்டாள்.

“மாமா, செவ்வாக்கெழம நெட்வொர்க் பரீட்சை, வியாழக்கெழம அல்காரிதம். ரெண்டுமே எனக்கு ஏற மாட்டேங்குதுங்க மாமா. போயிருமோன்னு வெசனமா இருக்குது.”

உள்ளேயிருந்து அம்மா, அதாவது அவளுடைய அமுச்சி, “மொதல்ல புள்ளையச் சோறு உங்கச் சொல்லு சாமி, பாடம் எங்கயும் ஓடிப்போகாது” என்றார்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நோட்டுகளைப் புரட்டினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு நெட்வொர்க் துண்டு எவ்வளவு பெரியது என்று காட்டும் சப்நெட் மாஸ்க் எண்களின் அட்டவணை முழுவதும் எழுதி, ஸ்கேல் வைத்து சிவப்புக் கோடு போட்டிருந்தாள். 5-இன் ஃபேக்டோரியல் 120 என்று விடை எழுதிக் கட்டம் கட்டியிருந்தாள். கேள்வி இருந்தது, விடை இருந்தது, இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. கல்லூரியில் கொடுத்த நோட்ஸை அப்படியே இறக்கியிருக்கிறாள். அந்த நோட்ஸிலும் நடு இல்லாமல்தான் இருந்திருக்கும். இருபது வருடத்துக்கு முன் நான் படித்த கல்லூரியிலும் இப்படித்தான் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை என்பது அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. புத்திசாலிப் பிள்ளைகள் “எனக்கு மண்டையில ஏறாது” என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வதற்கு இந்த நடு இல்லாத நோட்ஸ்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அல்காரிதம் (ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழி) நோட்டில் ஒரு கணக்கு தப்பாகியிருந்தது. அதிலிருந்தே தொடங்கினோம். ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் பெயர் வைத்து எழுதிய ஒரு வேலை. அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். எண் பூஜ்யமாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். இல்லாவிட்டால் அந்த எண்ணை அச்சிடும், ஒன்று குறைத்துத் தன்னையே ஒருமுறை அழைக்கும், அப்புறம் அதே எண்ணை இன்னொரு முறை அச்சிடும். 3 கொடுத்தால் என்ன வரும்? அவள் எழுதியிருந்தது 3 2 1. சரியான விடை 3 2 1 1 2 3. அதாவது முதல் பாதி அவளுக்குச் சரியாக வந்திருக்கிறது, திரும்பி வரும் பாதியைக் காணோம்.

இதற்கு அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். இப்படித் தன்னையே அழைப்பதுதான் ரிகர்ஷன். பாடப்புத்தகத்தில் அதற்குத் தற்சுழற்சி என்று பெயர். நல்ல சொல்தான், எனக்குப் பிடிக்கும். ஆனால் சுழற்சி என்றதும் மனதில் செக்கு வருகிறது, ராட்டினம் வருகிறது. மாடு சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி ஒரே இடத்தில் சுற்றுவது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அது லூப். ரிகர்ஷன் சுற்றுவதில்லை, கிணற்றில் படி இறங்குகிற மாதிரி இறங்குகிறது. அடியைத் தொட்டபின் இறங்கிய ஒவ்வொரு படியையும் மிதித்துத்தான் மேலே வர வேண்டும். ஏறி வரும்போதும் ஒவ்வொரு படியிலும் ஒரு வேலை பாக்கி இருக்கலாம். அவள் விட்டது அந்தப் பாக்கி வேலையைத்தான்.

சொன்னால் புரியாது, கையால் செய்தால்தான் புரியும். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் கிழித்துப் போட்ட பழைய தாள்களை அம்மா ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார். பத்துத் தாளை உருவினேன். பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

முதல் தாள்: “நான் 3. ஒருமுறை அச்சிட்டுவிட்டேன். 2-ஐ அனுப்பியிருக்கிறேன். அவன் வந்தபிறகு இன்னொருமுறை அச்சிட வேண்டும்.” அதைத் திண்ணையில் வைத்தாள். அதன்மேல் அடுத்த தாள்: “நான் 2. ஒருமுறை அச்சிட்டுவிட்டேன். 1-ஐ அனுப்பியிருக்கிறேன்...” அதன்மேல் 1-க்கு ஒரு தாள். அதற்கும் மேலே: “நான் 0. எனக்கு வேலை இல்லை. திரும்புகிறேன்.”

“இப்ப மேல இருக்கற தாளை எடு கண்ணு.”

0 தாளை எடுத்தாள். அடியில் 1 தாள் காத்திருந்தது. அதில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள். “அவன் வந்தபிறகு இன்னொருமுறை...” அங்கேயே நிறுத்தினாள். நோட்டை இழுத்து, 3 2 1 என்று எழுதியிருந்ததன் பக்கத்தில் 1 எழுதினாள். அடுத்த தாளை எடுத்தாள், 2. அதற்கடுத்தது, 3.

“அப்ப மொதல்ல வெச்ச தாளுதானுங்க மாமா கடைசியா முடியுது?”

அதேதான். அதற்குத்தான் ஸ்டாக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நோட்டில் ஸ்டாக்குக்கும் மூன்று வரி விளக்கம் அழகாக எழுதியிருந்தாள். அது இந்தத் தாள் கட்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று கேட்டேன். “0 தாளே இல்லைன்னா?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “காலண்டர் தீர்ந்துருமுங்க” என்றாள். பைத்தான் மொழியில் எழுதினால் வழக்கமாக 1000 ஆழத்தில் அதுவே நிறுத்திப் பிழை காட்டிவிடும். சி மொழியில் அந்தக் காவல்கூடக் கிடையாது. தாள் வைக்க இடம் தீர்ந்து புரோகிராமே விழுந்துவிடும். அதனால் எந்த ரிகர்ஷன் கணக்கு வந்தாலும் முதல் வரியில் எழுத வேண்டியது எங்கே நிற்பது என்பதைத்தான். அதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது. இரண்டாவதாக, தன்னையே அழைக்கிற வரிக்கு வந்ததும் அதற்குள் மனதால் இறங்கக்கூடாது. சின்ன எண்ணுக்கு அது சரியாகச் செய்து தரும் என்று நம்பிவிட்டு, கையில் விடை இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த நம்பிக்கையில்தான். முழுவதையும் ஒரே நேரத்தில் தலையில் வைத்துப் பார்க்க முயல்கிறார்கள். அப்படி யாராலும் முடியாது. என்னாலும் முடியாது.

ராத்திரி எட்டு மணிக்கு நெட்வொர்க் நோட்டை எடுத்தோம். அதிலிருந்த கணக்கை எங்கள் ஊர்க் கணக்காக மாற்றிக்கொண்டேன். ஒரு பனியன் கம்பெனி. தையல் பிரிவில் 100 இணைப்பு வேண்டும், செக்கிங்கில் 50, ஆபீசில் 25, குடோனில் 10. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். கையில் இருக்கும் முகவரித் தொகுதி 192.168.10.0/24. பிரித்துக் கொடு.

ஒரு முகவரி என்பது 32 பிட், அதாவது 32 இடங்களில் 0 அல்லது 1. /24 என்றால் அந்த 32 பிட்டில் முதல் 24 பிட் கட்டிப்போட்டாயிற்று, மீதி 8 பிட் நம் கையில். ஆக மொத்தம் 256 முகவரி, 0 முதல் 255 வரை. எந்தத் துண்டாக இருந்தாலும் அதன் முதல் முகவரி துண்டின் பெயருக்குப் போய்விடும், கடைசி முகவரி எல்லோருக்கும் பொதுவாகக் கூவுவதற்கு. இரண்டு கழித்தால் மீதிதான் ஆளுக்கு.

“256-ஐப் பாதியாக்கு.”

“128, 128.”

“தையலுக்கு 100. 128-இல் ரெண்டு போனால் 126. பத்தும். இன்னும் பாதியாக்கினால்?”

“64-இல ரெண்டு போக 62. பத்தாதுங்க.”

“அப்ப நின்னுக்கோ.”

0 முதல் 127 வரை தையலுக்கு, /25, ஏனென்றால் ஒருமுறை பாதியாக்கினால் இன்னொரு பிட்டும் கட்டிப்போட்டாயிற்று. மீதி 128 முதல் 255 வரை. இப்போது கையில் என்ன இருக்கிறது? ஒரு துண்டு நிலம், மூன்று பிரிவு. முதலில் இருந்த அதே கேள்வி, கொஞ்சம் சின்னதாக. இதைச் சொன்னதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஓரமாகக் கிடந்த காலண்டர் தாளை அவளே எடுத்தாள். “நான் 128. செக்கிங்குக்கு 50 வேணும். பாதி 64, பத்தும். மிச்சம் 64-ஐ அனுப்பியிருக்கிறேன்.” செக்கிங்குக்கு 128 முதல் 191 வரை, /26. அடுத்த தாளில் ஆபீசுக்கு 192 முதல் 223, /27. அடுத்ததில் குடோனுக்கு 224 முதல் 239, /28. 240-லிருந்து 255 வரை பதினாறு முகவரி யாருக்கும் இல்லாமல் மீதம்.

மாஸ்க் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. 256-லிருந்து துண்டின் அளவைக் கழித்தால் மாஸ்க்கின் கடைசி எண் வந்துவிடும். 64 துண்டுக்கு 192. 32 துண்டுக்கு 224. 16-க்கு 240. அவள் சிவப்புக் கோடு போட்ட முழுப்பக்க அட்டவணை இந்த ஒரு கழித்தலுக்குள் அடங்கிவிட்டது.

பெரிய பங்கை ஏன் முதலில் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். நல்ல கேள்வி. நோட்ஸில் “பெரியதிலிருந்து தொடங்கவும்” என்று மட்டும் இருந்தது, ஏன் என்று இல்லை. 128 துண்டு 0-வில் தொடங்கலாம், 128-இல் தொடங்கலாம், நடுவில் தொடங்க முடியாது. 64 துண்டு 64-இன் மடங்கில்தான் தொடங்கும். இப்போது 10, 50, 25, 100 என்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார். குடோனுக்கு 0 முதல் 15. செக்கிங் 16-இல் தொடங்க முடியாது, 64-க்குத் தள்ளிப் போகும், 127 வரை. ஆபீஸ் 128 முதல் 159. தையலுக்கு 128 அளவில் துண்டு வேண்டும், அடுத்த இடம் 256. அது நம் நிலத்திலேயே இல்லை. மொத்தத்தில் இடம் இருந்தும் பங்கு பிரிக்க முடியாமல் போகும். அதைத் தானே போட்டுப் பார்த்து, தையலுக்கு இடமில்லாமல் நின்றபோது அவள் முகத்தில் வந்த தெளிவு, எந்த நோட்ஸும் தராதது.

மறுநாள் காலையில் எங்கள் மடைக்குத் தண்ணீர் முறை. அவளும் கூட வந்தாள்.

எங்களுடையது கீழ்பவானிப் பாசனம். பவானிசாகர் அணையில் தொடங்கி சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கால்வாய். பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது என்பதால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பாதியாகப் பிரித்து, ஒரு பருவத்துக்கு 1,03,500 ஏக்கர் என்று முறை வைத்து விடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டுக்கேட்டுப் பழகிய பேச்சு இது. அன்றைக்குத்தான் எனக்கு வேறு மாதிரி பட்டது. ஒற்றையா இரட்டையா என்பது ஓர் எண்ணின் கடைசி பிட் 1-ஆ 0-வா என்பதுதான். ஒரு பிட்டை வைத்து 2 லட்சம் ஏக்கரைச் சரிபாதியாக்கியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி நாங்கள் முன்பக்கத்து பிட்டை வைத்துச் செய்ததை, இங்கே பின்பக்கத்து பிட்டை வைத்து.

பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து பகிர்மான வாய்க்கால், அதிலிருந்து கொப்பு வாய்க்கால், கடைசியில் மடை. பவானிசாகரில் மதகைத் திறக்கிறவருக்கு எங்கள் மஞ்சள் காடு எங்கே இருக்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவருடைய கணக்கு அவருக்குக் கீழே என்னென்ன கிளை என்பதோடு முடிந்துவிடும். கிளைக்காரருக்குப் பகிர்மானம் வரை. எங்கள் கொப்புக்காரருக்குத்தான் யார் காட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பது தெரியும். நெட்வொர்க்குகளுக்கு நடுவில் வழி காட்டும் ரவுட்டர் பெட்டியும் இதே மாதிரிதான். உலகத்தில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வழி எந்த ரவுட்டரிலும் எழுதி வைத்திருக்கவில்லை. இந்த முகவரி இந்தப் பெரிய துண்டுக்குள் வருகிறது, ஆகவே அடுத்து அவரிடம் கொடு என்பது மட்டும்தான் அதன் அட்டவணையில் இருக்கும். கொடுத்தபிறகு அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் முந்தின நாள் தன்னையே அழைக்கிற வரியில் வைக்கச் சொன்னேன்.

வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது திருப்பூர் கதை ஒன்றை அவளுக்குச் சொன்னேன். இங்கேயும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த இரண்டு பாடமும் ஒன்றாகச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை, அன்று சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். ஒன்பதரை மணிக்கு மொத்த கம்பெனியிலும் நெட்வொர்க் நின்றுவிட்டது. பார்கோடு பிரிண்டர் இல்லை, பேக்கிங் லிஸ்ட் இல்லை, மெயில் இல்லை. சர்வர் ரூமுக்கு ஓடினேன். 24 போர்ட் ஸ்விட்ச், அதாவது கம்ப்யூட்டர் கேபிள்கள் வந்து சேரும் 24 வாய்ப் பெட்டி. வழக்கமாக அதன் பச்சை விளக்குகள் ஆளுக்கொரு நேரத்தில் மினுக்கும். அன்றைக்கு எல்லா விளக்கும் ஒரே நேரத்தில், கண் இமைக்க முடியாத வேகத்தில், ஏறக்குறைய எரிந்தபடியே நின்றன. அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது. அரை மணி நேரம் போயிற்று. அப்போது என் சீனியர் வந்தார். “ஒவ்வொண்ணாப் பாக்காதீங்க தம்பி. பாதியப் புடுங்குங்க” என்றார். 12 கேபிளைப் பிடுங்கினோம். மினுக்கல் நின்றது. அப்படியானால் கோளாறு அந்த 12-க்குள். அதில் 6-ஐச் சொருகினோம், மினுக்கல் இல்லை. ஆகவே வெளியே இருக்கும் 6-க்குள். அதில் 3. ஐந்து நிமிடத்தில் ஒற்றைக் கேபிளுக்கு வந்துவிட்டோம். செக்கிங் பிரிவுக்குப் போகிற கேபிள். அங்கே போய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சின்ன 8 போர்ட் ஸ்விட்ச். அதிலிருந்து கிளம்பிய ஒரு வயரின் இரண்டு முனையும் அதே ஸ்விட்சில் சொருகியிருந்தது. கூட்டிப் பெருக்கும்போது யாரோ தொங்கிக்கொண்டிருந்த முனையைப் பார்த்து, பாவம், நல்ல எண்ணத்தில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகி வைத்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். நெட்வொர்க்கில் எந்தக் கம்ப்யூட்டரும் அவ்வப்போது “இந்த முகவரி யாருடையது?” என்று எல்லோரும் கேட்கும்படி கூவும். ஸ்விட்ச் அந்தக் கூவலை, வந்த வாயைத் தவிர மற்ற எல்லா வாயிலும் ஒரு நகல் விடும். சொருகிய வயர் வழியாக வெளியே போன நகல், மறுமுனை வழியாக அதே ஸ்விட்சுக்குள் புதிய கூவலாக வந்தது. மறுபடியும் எல்லா வாயிலும் நகல். இந்தக் கேபிள்களில் ஓடும் தகவல் துண்டான ஈத்தர்நெட் ஃபிரேமில் இத்தனை முறைதான் சுற்றலாம் என்ற கணக்கு எதுவும் கிடையாது. நிற்கிற இடம் எழுதாத ரிகர்ஷன். காலண்டர் தீர்ந்த கதை.

இது பழைய பிரச்சினை. 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன் இதற்கு ஸ்பேனிங் ட்ரீ என்ற தீர்வைக் கண்டுபிடித்தார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி ஒருவரைத் தலையாக வைத்துக்கொண்டு, வளையத்தை உண்டாக்குகிற இணைப்புகளைத் தாமாகவே மூடிவிடும். மீதியிருப்பது ஒரு மரம். மரத்தில் வளையம் கிடையாது, கிளை எங்கேயாவது முடிந்துதான் ஆக வேண்டும். எங்கள் மேசைக்கு அடியில் இருந்த மலிவு ஸ்விட்சில் அந்த வசதி இல்லை. அடுத்த மாதமே எல்லா ஸ்விட்சையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

அன்றைக்குக் கோளாறைக் கண்டுபிடித்த வழியையும் கவனிக்க வேண்டும். 24, 12, 6, 3, அப்புறம் ஒன்று. பாதியாக்கு, எந்தப் பாதி என்று பார், அந்தப் பாதிக்கு இதையே செய். சீனியர் பைனரி சர்ச் என்று பெயர் சொல்லவில்லை, அவருக்கு அந்தப் பெயர் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. பெயர் தெரிந்த நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா மகள் கேட்டாள்: “அப்ப இன்டர்நெட்ல இப்பிடிச் சுத்தாதுங்களா மாமா?”

சுற்றும். ஒரு ரவுட்டர் அந்தப் பக்கம் என்று அனுப்ப, அந்தப் பக்கத்து ரவுட்டர் இந்தப் பக்கம் என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் இன்டர்நெட்டில் போகும் தகவல் துண்டான ஐபி பாக்கெட்டில் டிடிஎல் (டைம் டு லிவ்) என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் வழக்கமாக 64 போட்டு அனுப்பும், விண்டோஸ் 128. தாண்டுகிற ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு “உங்களுடையது இங்கே தீர்ந்துவிட்டது” என்று ஒரு தகவல் அனுப்பும். அவள் சட்டென்று, “இது நம்ம 0 தாளுங்க மாமா” என்றாள். நான் சொல்ல வைத்திருந்த வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில், பாக்கெட் போகிற வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் புரோகிராமை ஓட்டிக் காட்டினேன். அந்த உத்தி எனக்கு எப்போது பார்த்தாலும் சந்தோஷம் தருவது. முதலில் டிடிஎல் 1 போட்டு அனுப்புகிறது. முதல் ரவுட்டரிலேயே செத்துப்போய், அந்த ரவுட்டரின் முகவரி திரும்பி வருகிறது. அப்புறம் 2 போட்டு அனுப்புகிறது, இரண்டாவது ரவுட்டரின் முகவரி. அப்புறம் 3. நிற்பதற்காக வைத்த எண்ணையே விளக்காகப் பிடித்து வழி முழுவதையும் பார்த்துவிடுகிறது. முதல் வரியில் எங்கள் வீட்டு மோடத்தின் 192.168.1.1 வந்ததும், அதுதான் அலமாரி மேல் இருக்கிறது என்று அமுச்சியிடம் காட்டினாள்.

ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ரிப் புரோட்டோகாலில் வருகிற கவுன்ட் டு இன்ஃபினிட்டி கணக்கையும் இதே கண்ணோடு பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. போகிற வழி அறுந்துபோனபின் இரண்டு ரவுட்டர்கள், “அவருக்கு வழி தெரியுமாம், அவரைவிட எனக்கு ஒன்று கூட” என்று மாற்றி மாற்றிச் சொல்லி தூரக் கணக்கை ஏற்றிக்கொண்டே போகும். இதற்கும் அடி கிடையாது. அதனால் 16 என்றால் வழியே இல்லை என்று பொருள் என மனிதர்கள் ஓர் அடியைக் கட்டி வைத்தார்கள்.

ஒரு சின்ன விஷயம். பாடப்புத்தகத்தில் அல்காரிதத்துக்கு நெறிமுறை என்று பெயர். புரோட்டோகாலுக்கும் தமிழில் நெறிமுறை என்றே எழுதுகிறார்கள். இதில் குழப்பம் உண்டு, வெவ்வேறு சொல் இருந்தால் நல்லது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவளோ, “ரெண்டும் ஒரே பேரா இருக்கறதும் சரிதானுங்க மாமா. ஒருத்தரே செஞ்சா அல்காரிதம், நாலு பேரு பேசி வெச்சுச் செஞ்சா புரோட்டோகால்” என்றாள். அதன்பிறகு எனக்கும் அந்தக் குறை போய்விட்டது.

மத்தியானம் ஃபிபனாச்சி. பாடத்தில் இருக்கிறபடி, வரிசையில் ஓர் எண் என்பது அதற்கு முந்தின இரண்டின் கூட்டல்; அந்த இரண்டையும் தன்னையே அழைத்துக் கேட்கிற முறை. 5 கேட்டால் மொத்தம் 15 அழைப்பு. தாளில் மரமாக வரைந்து எண்ணினாள், சரியாக வந்தது. 30 கேட்டால் 26,92,537. 40 கேட்டால் 33,11,60,281. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் வருகிற வினை. ஒருமுறை கேட்ட விடையை எழுதி வைத்துக்கொண்டால் 0 முதல் 40 வரை 41 விடை போதும்.

இதற்கும் நெட்வொர்க்கில் ஜோடி உண்டு, அது டிஎன்எஸ். பெயரைக் கொடுத்து முகவரி கேட்கிற ஏற்பாடு. பால் மொகபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்தது. அதில் ரிகர்சிவ், இட்டரேட்டிவ் என்று இரண்டு விதமாகக் கேட்கலாம். வித்தியாசம் எழுதுக என்று பரீட்சையில் தவறாமல் வரும், பிள்ளைகள் தவறாமல் மாற்றி எழுதுவார்கள். நான் இப்படித்தான் சொன்னேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒரு ஊருக்குப் போகிறோம், ஒறம்பரை (சொந்தக்காரர்) வீடு தெரியவில்லை. டீக்கடையில் கேட்கிறோம். “மேக்கால போயி பால் சொசைட்டில கேளுங்க” என்கிறார். அங்கே போனால், “கோயில்கிட்டப் போயிக் கேளுங்க.” நடப்பது முழுக்க நாம்தான். இது இட்டரேட்டிவ். இன்னொரு டீக்கடையில், “உக்காருங்க, ஒரு டீ சாப்புடுங்க, நான் விசாரிச்சுச் சொல்றனுங்க” என்கிறார். நமக்கு ஒரே கேள்வி, ஒரே விடை. இது ரிகர்சிவ். நிஜத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. நம் போன், விசாரித்துச் சொல்லும் ரிசால்வர் என்ற சர்வரிடம் ரிகர்சிவாகக் கேட்கும். அந்த ரிசால்வர் ரூட் சர்வர், அதற்குக் கீழே டாட் இன் (.in) சர்வர், அதற்கும் கீழே அந்தத் தளத்தின் சர்வர் என்று இட்டரேட்டிவாக நடந்து கேட்டு வந்து சொல்லும். வந்த விடையைக் கொஞ்ச நேரம் எழுதி வைத்துக்கொள்ளும். எத்தனை வினாடி வைத்திருக்கலாம் என்று விடையோடு ஓர் எண் வரும். அதன் பெயரும் டிடிஎல்தான். உலகத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் ரூட் வரை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஃபிபனாச்சி 40-இன் 33 கோடியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நான்கு மணிக்குப் பாடம் முடிந்தது. பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் தற்சுழற்சிப் பாடத்தில் ஒரு பலகைக் கணக்கு உண்டு, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டார்கள் என்றாள். அந்தப் பாடத்திலேயே ரத்தினம் அந்தக் கணக்கு. மூலையில் ஒரு கட்டம் மூடிய சதுரப் பலகை. மூன்று கட்டம் சேர்ந்த, முக்கில் திரும்புகிற ஓடுகள். மேலே ஏறாமல், இடைவெளி இல்லாமல் முழுப் பலகையையும் மூட வேண்டும். பலகையின் பக்கம் 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகலாம். எந்த அளவாக இருந்தாலும் மூட முடியும் என்று சாலமன் கோலம்ப் 1954-இல் காட்டினார்.

பழைய நோட்டு அட்டையை வெட்டி ஓடுகள் செய்தோம். 2-க்கு 2 பலகை: ஒரு கட்டம் மூடியது, மீதி மூன்றுக்கு ஓர் ஓடு. இதுதான் அடி. 8-க்கு 8-ஐ நான்கு 4-க்கு 4 ஆகப் பிரி. ஒன்றில் ஏற்கெனவே மூலை மூடியிருக்கிறது, மற்ற மூன்றில் இல்லை. நடுவில் நான்கும் சந்திக்கிற இடத்தில் ஓர் ஓடு வை, அந்த மூன்றிலும் ஒவ்வொரு மூலையைத் தொடும்படி. இப்போது நான்கு பலகை, நான்கிலும் ஒரு மூலை மூடியிருக்கிறது. ஆரம்பத்தில் கொடுத்த அதே கேள்வி, நான்கு முறை, சின்னதாக. 8-க்கு 8 பலகைக்கு 21 ஓடு. 16-க்கு 16-க்கு எத்தனை என்று கேட்டேன். நான்கு 21, கூட நடுவில் ஒன்று, 85 என்று தாள் இல்லாமலே சொன்னாள்.

அப்புறம் அவள்தான் கேட்டாள். மூடிய கட்டம் மூலையில் இல்லாமல் நடுவிலோ ஓரத்திலோ எங்கேயாவது இருந்தால்?

நான் வாயைத் திறந்தேன். “சொல்லீராதீங்க மாமா” என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். மூடிய கட்டத்துக்கு அடையாளமாக ஒரு புளியங்கொட்டையை எடுத்து, 4-க்கு 4 பலகையில் அங்கங்கே வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது. ஐந்தரை மணி பஸ் போய்விட்டது. ராத்திரி நானே பைக்கில் கொண்டுபோய் ஈரோட்டில் விட்டேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவளின் பையில் அட்டை ஓடுகள் எல்லாம் இருந்தன, புளியங்கொட்டையும்.